கேட்கிறாரா என்று கேட்டாயே

தம்பி,

நீயும் ஸ்டெல்லாவும் பெங்களூர் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று விழுப்புரத்திலிருந்து உன் மாமனார் சொன்னார். நீ போன் பண்ணவில்லை. அதற்காகக் குறைப்பட்டு இதை எழுதவில்லை. அன்றைக்குக் கல்லறைக்குப் போய்விட்டு நேராகத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். ஸ்டெல்லாவை ஜன்னல் ஓரமாக உட்கார வைத்துவிட்டு நீ மட்டும் திரும்பவும் இறங்கி வந்தாய். எதையோ மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்க்காமல், பஸ்ஸின் டயரைப் பார்த்துக்கொண்டு கேட்டாய். "அப்பா, நெஜத்தச் சொல்லுங்க. நாம கேக்கறது யார் காதுலயாவது வுழுதா? இத்தினி வருஷமா கேட்டுக்கினே இருக்கீங்களே, வுழுதுன்னு நீங்க நம்புறீங்களா?" நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் ஆரன் அடித்துவிட்டார். நீ ஏறிக்கொண்டாய். பஸ் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அதே இடத்தில் நின்றிருந்தேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேச ஆரம்பித்தால் என்னை அறியாமல் உபதேசியார் குரல் வந்துவிடும். அந்தக் குரல் உனக்குத் தெரியும். பங்குச் சாமியார் வர முடியாத கிராமங்களுக்கு சைக்கிளிலும் பிறகு டி.வி.எஸ்ஸிலும் போய், ஜெபம் சொல்லிக்கொடுத்து, நோயாளிகளின் தலைமாட்டில் நின்று மன்றாடி, துக்க வீடுகளில் நாலு வார்த்தை பேசி வளர்ந்த குரல் அது. சின்ன வயதில் நீ அதை எனக்கு முன்னாலேயே பேசிக் காட்டுவாய், உங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்தக் குரலுக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் தெரியும். உன் கேள்விக்கு அந்தக் குரலில் பதில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சந்தேகம் உனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்ளாதே. அடுத்தவர் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்த நேரங்களில், என் வாய் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, உள்ளே ஒரு காலி அறையில் தனியாக நின்று பேசுவதுபோல எத்தனையோ தடவை இருந்திருக்கிறது. சுவரில் மோதித் திரும்பி வருவது என் சத்தம்தானோ என்று தோன்றும். கண்ணைத் திறந்து பார்த்தால் அந்த வீட்டுக்காரர்கள் நிம்மதியாக முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். காபி கொடுப்பார்கள். குடித்துவிட்டு வருவேன். இதை உங்கம்மாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அவளும் நான் சொல்வதற்கு முன்னாலேயே கண்டுபிடித்திருந்தாள்.

உங்கம்மாவுக்கு சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று தெரிந்தபோது நீ வேலைக்குச் சேர்ந்த புதிது. லீவு கிடைக்காமல் தவித்தாய். வாராவாரம் அவளை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போனேன். காலையில் விழுப்புரம் பஸ்ஸில் ஏறுவோம். விக்கிரவாண்டி தாண்டியதும் கரும்பு லாரிகள் வரிசையாக நிற்கும், ஆலையிலிருந்து வருகிற அந்த இனிப்பும் புளிப்பும் கலந்த வாடை அவளுக்குக் குமட்டும். முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மெஷினில் அவளைப் படுக்க வைத்துவிட்டு நான் வெளியே வராந்தாவில் ஜெபமாலையை எடுப்பேன். நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். இவளை எனக்கு விட்டுவிடு. வேறு வார்த்தையே எனக்கு வரவில்லை. ஊர் ஊராகப் போய் அழகழகாக ஜெபித்தவனுக்கு சொந்த மனைவிக்கென்று வந்தபோது அவ்வளவுதான் வாயில் இருந்தது.

ஏழுமலை என்று ஒருவரை அங்கேதான் பார்த்தேன். வளவனூர் பக்கத்துக் கிராமம், சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறவர். அவர் மனைவி அஞ்சலையை, மல்லாட்டைச் செடி பிடுங்கும்போது கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. உயிர் பிழைத்தாள், ஆனால் விஷத்தில் சிறுநீர் இறங்குவது நின்றுபோயிற்று. உங்கம்மாவுக்கு அடுத்த கட்டிலில் அவளுக்கும் மெஷின் ஓடியது. ஏழுமலை சில நாள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அய்யா வேதக்காரருங்களா?"

"ஆமாங்க."

"எந்நேரமும் மணிய உருட்டிக்கினே கீறீங்களே, அதான் கேட்டேன். எங்க ஊட்டுக்காரிக்கும் சேத்து உங்க சாமியாண்ட ஒரு வார்த்த சொல்லுங்க. எங்க கோயில்லயும் வேண்டிக்கினுதான் கீறேன். ரெண்டு பக்கமும் சொல்லி வச்சா நல்லதுதானே?"

சரி என்றேன். அவர் நகரவில்லை. இப்போதே சொல்லுங்கள் என்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடினேன். மனசே இல்லாமல், அவரை அனுப்பிவைக்க வேண்டும் என்பதற்காக, அந்தப் பெண்ணைக் குணமாக்கும் ஆண்டவரே என்று சொன்னேன். என் எண்ணமெல்லாம் உள்ளே படுத்திருந்த உங்கம்மாவிடம் இருந்தது. ஏழுமலை எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான் நான் அவருக்காகச் செய்தது.

சில வாரம் கழித்து அதே வராந்தாவில் அந்த மனுஷன் ஓடிவந்தார். செருப்புகூட காலில் இல்லை. "அய்யா, வந்துடுச்சிங்க! மூத்திரம் வந்துடுச்சிங்க! தானா எறங்குதாம், இனிமே மெஷினே வேணாம்னு சொல்லிட்டாங்க!" என்று கத்தினார். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் சிரித்தேன். ஆண்டவர் பெரியவர் என்று சொன்னேன். பிறகு தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று கட்டடத்துக்குப் பின்பக்கம் போய், துணி காயப்போடுகிற இடத்தில் நின்று, அழுதேன். சந்தோஷத்தில் அல்ல, தம்பி. ஆத்திரத்தில். உயிரைக் கொடுத்துக் கேட்டதைத் தள்ளிவிட்டு, ஒப்புக்குக் கேட்டதைக் கொடுத்திருக்கிறாரே, இது என்ன காது, இது என்ன கேட்கிற லட்சணம் என்று ஆத்திரம். ஒன்றும் நடக்காமல் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கம்மா கேட்டாள்.

"ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு வர்றீங்க? அஞ்சலைக்கு நல்லாயிட்ச்சேன்னு பொறாமையா?"

ஆமாம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"அவ புள்ளைங்க ரெண்டும் பொடுசுங்க. பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கினு அவ அழுவறத பாத்துக்கினே எப்படி எனக்கு மட்டும் கேப்பேன்? நானும்தான் அவளுக்குக் கேட்டேன்."

"அப்ப உனக்கு?"

"கேட்டுக்கினுதான் இருக்கேன்."

"பதிலே காணோமே. எனக்கு சில சமயம் அங்க யாரும் இல்லியோன்னு இருக்குது."

அவள் அதிர்ச்சியடையவில்லை. "தெரியும். நீங்க ஜெபம் பண்றப்பவே எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு, "எனக்கும் ஒண்ணும் புரியலங்க. ஆனா படுத்துக்கினு இருக்கறப்ப, மேல பாத்து, இன்னிக்கி ரொம்ப வலிக்குதுன்னு சொல்றேன் பாருங்க, அத வேற யாரண்ட சொல்றது? உங்களண்ட சொன்னா நீங்க பயந்துடுவீங்க. உங்க புள்ளையண்ட சொன்னா வேலைய வுட்டுட்டு ஓடியாந்துடுவான். அவரண்டதான் சொல்ல முடியுது. சொன்னப்புறம் வலி அப்படியேதான் இருக்குது. ஆனா நான் மட்டும் தனியா வலிச்சிக்கினு இல்லன்னு இருக்குது. அது பொய்யின்னா பொய்யாவே இருந்துட்டுப் போவட்டும், எனக்குப் பொய்யின்னு தோணல" என்றாள். அவள் படித்தது எட்டாவது வரைக்கும். இதை ஒரு பெரிய பேச்சாக அவள் சொல்லவில்லை. நடுவில் டிக்கெட்டுக்காகக் கண்டக்டர் வந்தார், ஒரு குழந்தை அவள் புடவையைப் பிடித்து இழுத்தது, அதைப் பார்த்துச் சிரித்தாள், அப்புறம் மீதியைச் சொன்னாள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவள் இல்லை. அதற்கு முன்னால் ஒருநாள் விடிந்து காபி போட்டு எடுத்துப் போனேன், எழுந்திருக்கவில்லை. நீ வந்து சேர்வதற்குள் முகம் வீங்கிப்போயிருந்தது, உன்னிடம் காட்டவே எனக்கு மனசு வரவில்லை. அடக்கம் முடிந்து ஊர்க்காரர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது வழக்கம்போல ஜெபமாலை சொல்ல நான் ஆரம்பித்தேன். நீ கூடத்தில் எழுந்து நின்று, "போதும்ப்பா. கேட்டு என்னாத்த வாங்கினீங்க? இனிமே எம் முன்னாடி இத எடுக்காதீங்க" என்றாய். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உபதேசியார் மகன் இப்படிப் பேசுகிறானே என்று பார்த்தார்கள். எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. நான் கட்டடத்துக்குப் பின்னால் நின்று யாருக்கும் கேட்காமல் சொன்னதை நீ பத்துப் பேர் முன்னால் சத்தமாகச் சொன்னாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்கப்புறம் நீ கோயில் பக்கம் வரவில்லை. ஸ்டெல்லாவுக்காகக் கல்யாணத்துக்கு வந்து நின்றாய், அதோடு சரி. நானும் உன்னைக் கூப்பிடவில்லை. அதனால்தான் இந்தத் தடவை விழுப்புரத்திலிருந்து உன் போன் வந்தபோது எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தவளுக்கு நாள் இருக்கும்போதே வலி எடுத்து, குழந்தை கையளவுக்குப் பிறந்து, மூச்சுவிட முடியாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது என்று சொன்னாய். சொல்லிவிட்டு நீ அழவில்லை. "அப்பா, ஜெபம் பண்ணுங்கப்பா" என்றாய். அந்த வார்த்தையை உன் வாயால் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! பேரப்பிள்ளை சாகக் கிடக்கிறான், எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. என் மகன் திரும்பி வந்துவிட்டான் என்று. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

விழுப்புரத்துக்கு வருகிற வழியெல்லாம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். அதே ரோடு, அதே லாரிகள், அதே வாடை. அதே வார்த்தைதான். இவனை விட்டுவிடு. இந்த முறையாவது காதில் போட்டுக்கொள் என்று சண்டைகூடப் போட்டேன். ஆஸ்பத்திரியில் நீ சுவரோரமாகக் குந்திக்கொண்டிருந்தாய். டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. நுரையீரல் இன்னும் தயாராகவில்லை, எங்களால் முடிந்ததைச் செய்கிறோம், ஏதாவது சடங்கு செய்வதாக இருந்தால் இப்போதே செய்துவிடுங்கள் என்று சொன்னார். ஸ்டெல்லா கட்டிலில் படுத்தபடியே, "மாமா, எம்புள்ளைக்கு நீங்களே ஞானஸ்நானம் குடுத்துடுங்க, சாமியார் வர்றவரைக்கும் தாங்காது" என்றாள். ஆபத்து நேரத்தில் உபதேசியார் கொடுக்கலாம் என்று அவளுக்கும் தெரியும். எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

கையைக் கழுவச் சொல்லி, பச்சைச் சட்டை மாட்டிவிட்டு, உன்னையும் என்னையும் உள்ளே விட்டார்கள். நர்ஸ் ஒரு பெண், பாத்திமா என்று சட்டையில் பெயர் இருந்தது, சிரிஞ்சில் சுத்தமான தண்ணீரை எடுத்து, ஊசியைக் கழற்றிவிட்டு என் கையில் கொடுத்தாள். "ரெண்டு சொட்டு போதும் தாத்தா, பையனுக்குக் குளிரும்" என்றாள். தலை ஒரு எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. குழாய்க்கு நடுவில் நெற்றி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. பெயர் என்ன என்று கேட்டேன். ஸ்டெல்லாவும் நீயும் இன்னும் பெயரே பேசிவைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நீ யோசிக்கவே இல்லை. "சாமுவேல்" என்றாய். கடவுள் கேட்டார் என்று அந்தப் பெயருக்கு அர்த்தம் சொல்லுவார்கள், நான்தான் உனக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தேன். அதை நினைத்துத்தான் சொன்னாயா, இல்லை வாயில் வந்ததைச் சொன்னாயா என்று நான் இதுவரைக்கும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். சாமுவேல் என்று கூப்பிட்டு அந்தத் தண்ணீரை விட்டேன். பிள்ளை புருவத்தைச் சுளித்தான். அதன்பிறகு பரலோகத் தந்தையை நோக்கிச் சொல்லும் ஜெபத்தை ஆரம்பித்தேன், பாதியில் நின்றுவிட்டேன். அவர் விருப்பப்படி ஆகட்டும் என்று சொல்கிற இடம். அந்த இடத்தைத் தாண்ட என்னால் முடியவில்லை. சத்தியமாக எனக்கு அது சொல்ல இஷ்டமில்லை. அப்போது எனக்குப் பின்னாலிருந்து உன் குரல் வந்தது. விட்ட இடத்திலிருந்து நீ சொல்லி முடித்தாய். ஒரு வார்த்தையும் உனக்கு மறந்திருக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சாமுவேல் போய்விட்டான். அவனைத் திண்டிவனத்தில் உங்கம்மாவின் காலடியில் வைத்தோம். அந்தச் சின்னப் பெட்டியை வேறு யாரிடமும் கொடுக்காமல் நீயே மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாய். மற்றதெல்லாம் உனக்குத் தெரியும்.

இப்போது நான் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நீ அன்றைக்கு அந்த ஜெபத்தைச் சொல்லி முடித்தாயே, அதுதான் ஆண்டவர் கொடுத்த பதில், மகனைத் திருப்பிக் கொடுத்தார் என்று என்னிடம் சிலர் சொன்னார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள், நல்ல மனசோடு சொன்னார்கள். எழுந்து போய்விடலாம் என்று இருந்தது எனக்கு. ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாகக் கொடுக்கிற பொருள் எதுவும் எனக்கு வேண்டாம். உன் நம்பிக்கைகூட அந்த விலைக்கு வேண்டாம். அப்படிப்பட்ட வியாபாரியை நான் இத்தனை வருஷம் கும்பிடவில்லை. சாமுவேல் ஏன் போனான் என்று எனக்குத் தெரியாது. உங்கம்மா ஏன் போனாள், அஞ்சலை ஏன் பிழைத்தாள் என்றும் தெரியாது. தெரிந்ததுபோல உன்னிடம் யாராவது பேசினால் அவர்களுக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடு.

அப்படியானால் நம்புகிறேனா? நம்புகிறேன், தம்பி. கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று அல்ல. கேட்பது வீண் போவதில்லை என்று. இந்த வித்தியாசத்தை உனக்குப் பிரித்துக் காட்ட எனக்குப் படிப்புப் போதாது. உன் கையை என் கைக்குள் வைத்துக்கொண்டு சொன்னால் ஒருவேளை புரியும். பல நாள் இந்த நம்பிக்கை இல்லாமலேயே எழுந்திருக்கிறேன். பல் விளக்கும்போது இல்லை, இட்லி சாப்பிடும்போது இல்லை. ஏதோ ஒரு நேரத்தில், சாமுவேலின் அந்தச் சுளித்த புருவம் கண்ணில் வரும்போது, "ஏன்?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன். யாரைப் பார்த்துக் கேட்டேன் என்று அப்புறம் யோசித்தால், இல்லாத ஒருவரைப் பார்த்துக் கேட்டதாக எனக்குத் தோன்றவே இல்லை. கோபம் வந்தாலும் அவரிடம்தான் போகிறேன். இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. இது போதுமா என்று எனக்குத் தெரியாது. உனக்குப் போதாமல் இருந்தால் தப்பில்லை.

நீ போன அடுத்த வாரம் பக்கத்துத் தெரு லூர்து மேரி வந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு இதயத்தில் அடைப்பு, ஆபரேஷன் செய்யப்போகிறார்கள். "உபதேசியாரே, வந்து ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றாள். வேறு யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளம்மா, என்னால் ஆகாது என்றேன். நிஜமாகவே என்னால் ஆகாது என்றுதான் இருந்தது. அவள் வாசல்படியை விட்டு நகரவில்லை. "உங்க பேரப்புள்ள சங்கதி எனக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் வந்துகீறேன். கேட்டு கெடச்சவங்க வந்து சொன்னா எனக்குப் பயமா இருக்குது. அவங்களுக்குக் கெடச்சிது, எனக்குக் கெடைக்கலன்னா நான் என்னா பாவம் பண்ணேன்னு இருக்கும். நீங்க வாங்க" என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் போனேன்.

அந்த மனுஷன் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வழக்கமாகச் சொல்கிற எதுவும் எனக்கு வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, இவருக்கு ரொம்பப் பயமா இருக்குது. எனக்கும்தான். இவர விட்டுடுங்க" என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சுவரைவிட்டு என் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரம் என் கையை விடவே இல்லை.

நாளைக் காலையில் அவருக்கு ஆபரேஷன். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கிறேன்.

உனக்காகவும் ஸ்டெல்லாவுக்காகவும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ ஜெபிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவள் ராத்திரியில் அழுதால் நீ தூங்குவதுபோல் படுத்திருக்காதே, எழுந்து உட்கார்ந்துகொள். அவள் சாப்பிடுகிறாளா என்று எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லு. நீ பேச வேண்டாம் என்று நினைத்தால் பேசவும் வேண்டாம். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இரு. நான் இந்தப் பக்கம் இருப்பேன்.

அப்பா